கட்பீஸில் வெயில்கால உடுப்பு: ஆறு வருசம் போட்டுப் பார்த்த அனுபவம்

போன மாதம் அம்மாவின் பழைய கவுனைப் பிரித்தேன். 2019 சித்திரை வருசப் பிறப்பு முடிந்த கையோடு நான் கட்பீஸில், அதாவது தொழிற்சாலையில் மிஞ்சிய துண்டுத் துணியில் தைத்த முதல் வெயில்கால உடுப்பு அது. ஆறு வருசமாக வாரத்துக்கு இரண்டு தடவையாவது அம்மா அதைப் போட்டிருப்பார். பீலிக்கரைக் கல்லில் அடித்துத் துவைத்த துணி, வேலியில் காய்ந்த துணி. கழுத்து நைந்துபோய், இனிமேல் வீட்டுக்குள்கூடப் போட முடியாது என்றானதும் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எந்த இடம் தாங்கியது, எந்த இடம் தாங்கவில்லை என்பது அப்படியே தெரிந்தது. அந்தக் கவுனையும், இடையில் வீட்டில் உள்ளவர்களுக்குத் தைத்த மற்ற உடுப்புகளையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கை மலையகம் என்றதும் குளிர்தானே, அங்கே எதற்கு வெயில்கால உடுப்பு என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு அது சரி. நாங்கள் இருப்பது பதுளை மாவட்டத்துப் பசறைப் பக்கம். பதுளை டவுனே 680 மீற்றர் அளவில்தான் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, அதே காற்று ஈரத்தை அங்கே இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் காய்ந்து சூடாக இறங்கும். அதுதான் கச்சான். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் உதடு வெடிக்கும், கண் எரியும், லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் பகல் பதினொரு மணிக்கே கொதிக்கத் தொடங்கும். ஆனால் பொழுது சாய்ந்தால் சிலுசிலுவென்று குளிரும். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு உடுப்பு வேண்டும். கடையில் தொங்குகிற பளபளப்பான கவுன்களில் முக்கால்வாசி பொலியெஸ்டர். பகலில் உடம்போடு ஒட்டும், அந்தியில் சில்லிடும்.

கட்பீஸ் எங்களுக்குப் புதிதில்லை. 1978இல் கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் தொடங்கிய பிறகு மலையகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கார்மென்ட் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்த மாதிரித் தொழிற்சாலைகளில் ஓடர் முடிந்து மிஞ்சுகிற துணி மூட்டை மூட்டையாகக் கொழும்புப் புறக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பக்கத்துச் சந்தைகள் வரைக்கும் வருகிறது. தரையில் படங்கை விரித்துக் குவித்திருப்பார்கள். மீற்றர் கணக்கில்லை, நிறுத்துத்தான் விலை.

நிறுத்து வாங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அது எனக்குப் புரியவே இரண்டு வருசம் ஆனது. மெல்லிய பொப்லின் துணி ஒரு சதுர மீற்றர் ஏறத்தாழ 110 கிராம் இருக்கும். ஆகவே ஒரு கிலோவில் ஒன்பது சதுர மீற்றர் கிடைக்கும். டெனிம் ஒரு சதுர மீற்றர் 400 கிராம் என்றால் கிலோவுக்கு இரண்டரைதான். காசு ஒன்று, துணி மூன்று மடங்குக்கு மேல். வெயிலுக்கு வேண்டியதும் மெல்லிய துணிதான். குவியலில் கனமான, பார்வைக்கு நல்ல துணிகளைத்தான் ஆட்கள் முதலில் இழுப்பார்கள். நான் இப்போது அடியில் கிடக்கும் மெல்லியதைத் தேடுகிறேன். முழுநீளக் கவுன் ஒன்றுக்கு 45 அங்குல அகலத் துணியில் இரண்டரை மீற்றர் போதும். கோணல்மாணல் துண்டுகள் போக, ஒரு கிலோ பொப்லினில் இரண்டு கவுன் நிச்சயம். 2024 செப்டம்பரில் கொழுந்து பறிக்கிறவர்களின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாயானது. அப்போது கடையில் ஒரு நல்ல கொட்டன் கவுன் அந்தச் சம்பளத்தை முழுசாகக் கேட்டது. எங்கள் வீட்டில் இந்த வித்தியாசம் பெரியது.

வாங்கும்போது கொட்டனா இல்லையா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை, அவருக்கே தெரியாது. ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி வந்து, வீட்டில் தீக்குச்சியில் பிடித்துப் பார்ப்பேன். கொட்டன் என்றால் கடதாசி எரிகிற வாசம் வரும், சாம்பல் விரலில் தொட்டால் பொடியாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, கடைசியில் கறுத்த மணி போல இறுகிவிடும். ரேயோனும் கடதாசி வாசத்தோடுதான் எரியும், அதனால் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். ரேயோன் நனைந்தால் பலம் குறைந்துவிடும். மகளுக்குத் தைத்த ரேயோன் சட்டை உடம்புக்கு அவ்வளவு குளிர்ச்சி, ஆனால் முறுக்கிப் பிழிந்து பிழிந்து ஒரே வருசத்தில் தையல் ஓரமெல்லாம் வாய் பிளந்துவிட்டது. பிழியாமல் அப்படியே தொங்கவிடக் கூடியவர்களுக்கு அது நல்ல துணிதான். குழாயடியில் அவசரமாகத் துவைக்கிற வீட்டுக்குச் சரிவராது.

வாங்கி வந்ததும் வெட்டக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து ஒரு இரவு ஊறவைத்து, அலசிக் காயப்போட்ட பிறகுதான் கத்தரிக்கோல். கொட்டன் சுருங்கும். முதல் வருசம் துவைக்காமல் தைத்த பாவாடை இரண்டு சலவையில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சிவப்பு சாயம் விடும். உப்புப் போட்டால் நிற்கும் என்று சொல்வார்கள், போட்டும் பார்த்தேன், வெள்ளைத் துண்டு ரோஸ் நிறமானதுதான் மிச்சம். சாயம் விடுகிற துணியை அந்த நிறத்திலேயே தனியாகத் தைத்துவிடுவதுதான் ஒரே வழி.

கட்பீஸில் கரை இருக்காது, அதனால் நேர் எது குறுக்கு எது என்று பார்வைக்குத் தெரியாது. துண்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். குறைவாக இழுபடுவது பாவு, அதாவது நீளவாக்கு நூல், அதுதான் உடுப்பின் நீளத்துக்கு வர வேண்டும். துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சாய்த்து வெட்டிய ஒரு சட்டை இருக்கிறது. ஒவ்வொரு சலவைக்கும் பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். அந்தத் துண்டைத் தலையணை உறைக்கு வைத்திருக்கலாம்.

சரி, இனி முக்கியமான விசயம். துண்டுத் துணி என்றதும் நிறைய நிறங்களைக் கோத்துத் தைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. 2020இல் ஊரடங்கு போட்டு வீட்டில் அடைந்திருந்த மாதங்களில் பதினாறு துண்டு இணைத்து ஒரு கவுன் தைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், எங்கே வாங்கியது என்று. ஆனால் கச்சான் வெயிலில் அதைப் போட முடியவில்லை. இணைப்பு வருகிற ஒவ்வொரு இடத்திலும் துணி இரண்டு மூன்று மடிப்பாகிறது. அங்கே காற்றுப் போகாது, வியர்வை காயாது, தடித்த தையல் தோலை அறுக்கும். அந்தக் கவுன் இன்றைக்கும் புதிது போலத்தான் இருக்கிறது. யாரும் போடாவிட்டால் எப்படிக் கிழியும்? வெயில் உடுப்பில் துணியை மிச்சப்படுத்துவதை விட இணைப்பை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை அது எனக்குப் படிப்பித்தது. இப்போது பெரிய துண்டு இரண்டு கிடைத்தால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. சின்னத் துண்டுகள் பொக்கட், கழுத்துப்பட்டி, கீழ்ப்பட்டிக்கு. இரண்டு நிறம், மிஞ்சிப்போனால் மூன்று.

எங்கே இணைப்பு வரக் கூடாது என்பதை மதினி வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். மதினி கொழுந்து எடுக்கிறவர். அவருக்கு வெயிலுக்கென்று கையில்லாத சட்டை தைத்துக் கொடுத்தேன், குளிர்ச்சியாக இருக்கும் என்று. ஒரு நாள்தான் போட்டார். கையெல்லாம் தேயிலை வாது கீறி, தோள் வெயிலில் கன்றிப்போய் வந்தார். மலையில் நிற்கிறவர்களுக்கு வெயில் உடுப்பு என்றால் முழுக்கைச் சட்டைதான். துணி மெல்லியதாகவும், கை அகலமாகவும் இருந்தால் நிழலைச் சுமந்துகொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். இரண்டாவது சட்டையை வெட்டும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“முதுகுல தையல் வைக்காத புள்ள. கூடை அறுத்துப்புடும்.”

முப்பது வருசம் கூடை சுமந்த முதுகு சொல்கிறது. கயிறு தலையில் மாட்டியிருக்கும், கூடையோ சாக்கோ முதுகில் உரசிக்கொண்டே இருக்கும். இடுப்பில் கட்டுகிற படங்கு முன்பக்கத்தைத் தேய்க்கும். ஆகவே முதுகு ஒரே துண்டு, இடுப்பில் இணைப்பே இல்லை. அந்தச் சட்டை மூன்று கச்சானைத் தாண்டி, இன்னும் மலைக்குப் போய் வருகிறது.

அடுத்தது அக்குள். எங்கள் வீட்டில் கிழிந்த உடுப்புகளில் பாதி அங்கேதான் கிழிந்தது. கையைத் தூக்கினால் இழுபடுகிற இடம், வியர்வையும் அங்கேதான் கூட. உள்ளங்கை அளவு சதுரத் துண்டு ஒன்றை அக்குளில் சாய்வாக வைத்துத் தைத்த பிறகு ஒரு சட்டைகூட அங்கே கிழியவில்லை. கட்பீஸ் வைத்திருப்பவர்களுக்குச் சதுரத் துண்டுக்கா பஞ்சம்?

ஓரத்துக்கு ஓவர்லொக் அடிக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசில் இன்னும் கொஞ்சம் துணி வாங்கலாம். அதனால் இரட்டைத் தையல் போடுகிறேன். முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். பிறகு ஓரத்தை ஒட்ட வெட்டி, உள்பக்கமாகத் திருப்பி இன்னொரு தையல். நூல் பிரிகிற ஓரம் உள்ளே அடைபட்டுவிடும். மெல்லிய துணிக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. அம்மாவின் கவுனில் இப்படித் தைத்த பக்கத் தையல்களைப் பிரிக்க எனக்கு ஒரு முழு மாலை எடுத்தது. துணி நைந்த இடத்திலும் தையல் நின்றிருந்தது. ஊசி 11ஆம் நம்பர், அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். தடித்த ஊசி மெல்லிய துணியில் ஓட்டை போட்டுக்கொண்டே போகும், பிறகு அந்த வரிசையிலேயே கிழியும்.

மெஷின் அம்மாவுடையது, காலால் மிதிக்கிறது. மாற்றி மோட்டர் பூட்டச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். 2022 மார்ச் முடிவில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள் அல்லவா, அந்த நாட்களில் எங்கள் லயத்தில் ஓடிய ஒரே மெஷின் இதுதான். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்தேன். மாசம் ஒரு தடவை எண்ணெய், தோல் பெல்ட் தளர்ந்தால் ஒரு துளி வெட்டி மறுபடி கொக்கி மாட்டுவது, அவ்வளவுதான் அது கேட்கிறது. ரீசேர்ட் துணி மட்டும் அதற்கு ஒத்துவரவில்லை. தையல் விட்டுவிட்டுப் போகும். உருண்டை முனை ஊசி போட்டால் ஓரளவு சரியாகும், ஆனால் கழுத்து அகண்டு தொங்குவதை நிறுத்த முடியவில்லை. அந்தத் துணியை விட்டுவிட்டேன்.

அளவுக்கு பேப்பர் கட்டிங் எல்லாம் வாங்குவதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டையை வீரகேசரிக் கடதாசி மேல் விரித்துச் சுற்றி வரைந்து, தையலுக்கு அரை அங்குலம் கூட்டி வெட்டிக்கொள்வேன். வெயில் உடுப்புக்கு நெஞ்சுச் சுற்றளவில் இன்னும் நாலு அங்குலம் தாராளமாக விட்டால் உள்ளே காற்று ஓடும். வெள்ளைத் துணியில் பத்திரிகை மை ஒட்டும், அதற்குப் பழைய கொப்பித் தாள்.

பிள்ளைகளின் உடுப்புக்குக் கீழே இரண்டு அங்குலம் மடித்து வைத்து, வளர வளர இறக்கிவிடுகிறேன். இறக்கியதும் பழைய மடிப்புக் கோடு வெளிறித் தெரியும். அதன் மேல் சாய்வாக வெட்டிய நிறப்பட்டி ஒன்றை ஓட்டிவிட்டால் மகளுக்கு அது புதுச்சட்டை. இலாஸ்டிக் இரண்டு வருசத்தில் செத்துவிடும் என்பதால் பட்டியில் ஒரு விரல் அகல வாய் தைக்காமல் விடுவேன், ஊக்கில் கோத்து மாற்றிக்கொள்ளலாம்.

நான் அதிகம் இழந்தது தையலில் அல்ல, மழையில். எங்கள் பக்கம் ஐப்பசி தொடங்கினால் தை வரைக்கும் ஈரம். 2021இல் மிச்சத் துண்டுகளைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைத்தேன். அடுத்த வருசம் பிரித்தால் எல்லாவற்றிலும் கரும்புள்ளி. ஊறவைத்தும், வெயிலில் போட்டும், எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. மூன்று கிலோ துணி மெஷின் துடைக்கத்தான் ஆனது. இப்போது கழுவிய மாச் சாக்கில் போட்டு, அடுப்படிப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கொஞ்சம் புகை வாசம் ஏறும், ஒரு சலவையில் போய்விடும்.

அம்மாவின் கவுனுக்கு வருகிறேன். கழுத்துப்பட்டி நைந்திருந்தது, தோள் கண்ணாடி மாதிரி மெலிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே இருந்த துணி மட்டும் நிறம் மங்கியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஆறு வருசச் சலவையில் புதுத் துணியில் காணாத மென்மை வந்திருந்தது. அண்ணன் மகளுக்கு இந்த மாதம் குழந்தை. அந்தத் துணியில் இரண்டு சின்னச் சட்டை, முன்பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி, தோளில் தையலே இல்லாமல் வெட்டியிருக்கிறேன். ஒன்று முடிந்துவிட்டது. அம்மா அதைக் கையில் வாங்கி, துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, “இது என் கவுனு தானே” என்றார்.