24சி32 சிப்: டிவைஸ் ட்ரீயா, நியூ டிவைஸா?

ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் படகுத்துறையில் கடல்நீர் வெப்பத்தைப் பதிய ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வைக்கிறீர்களா? நேரத்துக்காக வாங்கும் டிஎஸ்3231 கடிகாரப் பலகையில் பெரும்பாலும் 24சி32 என்ற 4096 பைட் ஈஈப்ராமும் (கரண்ட் போனாலும் அழியாத நினைவக சிப்) இருக்கும். சென்சார் அளவுத்திருத்த எண்களை வைக்க அதுவே போதும். அதை லினக்ஸ் கெர்னலின் ஏடி24 டிரைவரோடு இணைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, கெர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள நியூ_டிவைஸ் கோப்பில் சிப்பின் பெயரையும் முகவரியையும் எழுதுவது. முகவரி பெரும்பாலும் பதினாறடிமான (ஹெக்ஸ்) 57. ஒரே வரி, உடனே ஈஈப்ராம் கோப்பு வந்துவிடும். சிப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இது எளிய வழி. ஆனால் ரீபூட் ஆனால் போச்சு.

அதைவிடப் பெரிய குறை வேகம். பேஜ் அளவை, அதாவது சிப் ஒரே முறையில் எழுதக்கூடிய பைட்டுகளின் எண்ணிக்கையை, சொல்ல இதில் இடமில்லை என்பதால் டிரைவர் ஒவ்வொரு பைட்டாகத்தான் எழுதும். பைட்டுக்கு 5 மில்லி நொடி வைத்தாலும் முழு சிப்புக்கு 20 நொடி. இடையில் கரண்ட் போனால் பாதி எண்கள் பழையவை, பாதி புதியவை.

இரண்டாவது வழி டிவைஸ் ட்ரீ, அதாவது எந்தெந்த வன்பொருள் இருக்கிறது என்று பூட் ஆகும்போது கெர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியல். அதில் பேஜ்சைஸ் 32 என்று கொடுத்தால் அதே வேலை 128 முறை எழுதுவதிலேயே, ஒரு நொடிக்குள் முடியும். ஆனால் 64 என்று கூட்டிப் போட்டுவிடாதீர்கள்; சிப் அதே பேஜின் தொடக்கத்துக்குத் திரும்பி, எழுதியதன் மேலேயே எழுதிவிடும். அப்புறம், எண்கள் உறுதியானதும், யாரும் மாற்றாதபடி ரீட்-ஒன்லி சேர்க்கலாம். டிவைஸ் ட்ரீயோடு சேர்க்கும் ஓவர்லே என்ற துணைக் கோப்பைத் தொகுக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

மேசையில் சோதிக்க நியூ_டிவைஸ் சரி. உப்புக்காற்றில் ஆளில்லாமல் நிற்கும் பெட்டிக்கு நான் டிவைஸ் ட்ரீயைத்தான் சொல்வேன்.