மடக்குக் கண்ணாடிப் பெட்டி: ஐந்துக்கு மூன்று

இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டு, அதைப் பிரித்து ஏழு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடிவிட்டது. ஆனாலும் கை வீங்கும், வியர்க்கும், போர்வை நுனி பட்டால்கூட எரியும். சிஆர்பிஎஸ் என்றார்கள்; அடிபட்ட இடம் ஆறிய பிறகும் வலி விடாமல் தொடர்கிற நோய். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன்.

பார்க்கச் சின்னக் கூடாரம் மாதிரி இருக்கும், ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி. வலிக்கிற கையை உள்ளே மறைத்துவிட்டு, நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அசைக்க வேண்டும். மறைந்திருக்கும் கையே வலியில்லாமல் அசைவதுபோல் தெரியும். கையை இழந்தவர்களுக்கு, இல்லாத அந்தக் கையில் வரும் வலிக்காக நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த உத்தி இது. எனக்குத்தான் கை இருக்கிறதே, பிறகு எதற்கு என்று கேட்டேன்.

பிசியோ மேடம் கண்ணை மூடச் சொல்லி, பென்சில் முனையால் தொட்டார்கள். "எந்த விரல்?" நடுவிரல் என்றேன். திறந்து பார்த்தால் மோதிர விரல்! அடுத்து, இடது கை எவ்வளவு அகலம் என்று பார்க்காமலே காட்டச் சொன்னார்கள். நான் காட்டிய இடைவெளியில் என் கை ஒன்றரை தடவை அடங்கும். "உங்க கையை நீங்க 'அது'ன்னே சொல்றீங்க, கவனிச்சீங்களா?" என்றார்கள். அதுவரை கவனித்ததில்லை.

மூளை உடம்புக்கு ஒரு படம் வைத்திருக்கிறது; பல மாதம் வலித்து, புழங்காமல் கிடந்தால் அந்தப் படம் கலங்கிவிடுமாம். கை பெரிதாகிவிட்டதுபோல் தோன்றுவது இந்த நோயில் சகஜமாம். 'எல்லாம் மனப்பிரமை' என்கிற உறவினர்களுக்கு ஒரு தகவல்: 2008இல் லோரிமர் மோஸ்லி என்ற வலி ஆய்வாளரின் குழுவினர், கை வலி நாள்பட்ட 10 பேரைத் தங்கள் கையைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தபடி அசைக்கச் சொன்னார்கள். அசைத்ததால் வந்த வலி, கை பெரிதாகத் தெரிந்தபோது அதிகமாகக் கூடியது, சிறிதாகத் தெரிந்தபோது குறைவாகவே கூடியது. வீக்கமும் அப்படியே.

இப்போது பெட்டியின் குறைக்கு வருகிறேன். கண்ணாடி என்பது மெல்லிய அக்ரிலிக் தாள். வெல்க்ரோவை இறுக்கினால் நடுவில் உள்வாங்கிவிடுகிறது. அதில் கை ஊதிப்போய்த் தெரிகிறது. வேறு பொருளாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வலிக்கிற கையைப் பெரிதாகக் காட்டினால் என்ன ஆகும் என்று இப்போதுதானே சொன்னேன்? கடைசியில் பின்னால் தடித்த அட்டையை ஒட்டி நானே நிமிர்த்தினேன்.

அதைவிட மோசம் உள்ளே இருந்த துண்டுத்தாள். 'இன்றே தொடங்குங்கள், தினமும் 30 நிமிடம்' என்று போட்டிருந்தது. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உட்கார்ந்தேன். நாலாவது நிமிடத்தில் குப்பென்று வியர்த்து, குமட்டியது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மோஸ்லி 2004இல் சோதித்த பயிற்சி வரிசையில் கண்ணாடி கடைசிக் கட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் இரண்டு வாரம், படத்தில் இருப்பது இடது கையா வலது கையா என்று சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு வாரம், அசைப்பதாகக் கற்பனை மட்டும். துண்டுத்தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கூடவே வந்த கைப்படச் சீட்டுகளும் 24தான். ஒரே வாரத்தில் மனப்பாடம். வீட்டில் எல்லோருடைய கையையும் கோணல்மாணலாகப் போனில் படமெடுத்துப் பழகினேன். மணிக்கட்டு மடங்கிய படம் வந்தால், நான் விரலைக்கூட அசைக்காமலே கை வலிக்கும்.

மறுபடி கண்ணாடிக்கு வந்தபோது மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றியாயிற்று. அப்படியும் மனசு ஒப்பவில்லை. வலது கட்டைவிரலடியில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று. இடது கையில் அது கிடையாது. கொஞ்சம் ஃபவுண்டேஷன் தடவி மறைத்த பிறகுதான் கண் ஏமாந்தது.

பத்து நாள் கழித்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே 'நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருக்கே' என்று நினைத்தபடி இடது கையை வெளியே எடுத்தேன். யாரையும் தொடவிடாமல் வளர்த்து வைத்திருந்த நகங்கள்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

2003இல் 8 பேரை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வில், வலி தொடங்கிச் சில வாரமே ஆனவர்களுக்குக் கண்ணாடியால் வலி தணிந்தது. ஒரு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு விறைப்பு தளர்ந்தது. இரண்டு வருடம் தாண்டியவர்களுக்குப் பலனில்லை. என் கதையும் கிட்டத்தட்ட நடு ரகம். விரல்கள் மடங்குகின்றன, வலி பத்துக்கு எட்டில் இருந்தது, இப்போது ஐந்தோ ஆறோ. தொடுபயிற்சியும் கூடவே நடந்ததால் முழுப் பெருமையையும் பெட்டிக்குக் கொடுக்க மாட்டேன்.

வாங்குகிறவர்கள் துண்டுத்தாளைத் தூரப் போட்டுவிட்டு, தெரிந்த பிசியோ ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். போன வாரம் இடது கையில் இரண்டு நகம் வெட்டினேன். சுண்டுவிரல் இன்னும் விடமாட்டேன் என்கிறது.