மூன்று வருடமாக பெண்டோ டப்பாவில் மதியச் சாப்பாடு

ஜப்பான்காரர்கள் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற தடுப்பு வைத்த டப்பாதான் பெண்டோ. என்னுடையதை 2022 ஜூனில் பாண்டியில் ஒரு பாத்திரக்கடையில் வாங்கினேன். எவர்சில்வர், மூன்று தடுப்பு, நாலு பக்கமும் கிளிப், மூடிக்குள் சிலிக்கோன் வளையம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பாண்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். காலை ஏழரைக்கு மூடுகிற டப்பாவை மதியம் ஒன்றேகாலுக்குத்தான் திறப்பேன், ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கூட்ட நெரிசலில் பை பாதி நேரம் சாய்ந்தேதான் கிடக்கும்.

முதல் வாரமே சாம்பார் ஊற்றிப் பார்த்தேன். வெளியே ஒரு சொட்டு வரவில்லை, ஆனால் உள்ளே சாம்பார், பொரியல், தயிர்சாதம் மூன்றும் ஒன்றாகிவிட்டது. வளையம் வெளி விளிம்பை மட்டும்தான் பிடிக்கிறது, தடுப்புச் சுவரின் மேல் மூடி பதிவதே இல்லை. ஜப்பானில் பெண்டோ சாப்பாட்டில் பொதுவாகக் குழம்பு கிடையாது. ஒட்டுகிற சோறு, நடுவில் உமெபோஷி என்கிற உப்பு ஊறுகாய், பக்கத்தில் மீனோ முட்டையோ. நம் கட்டுச்சோறு மாதிரிதான். அது புரிந்த பிறகு புளியோதரை, எலுமிச்சை சாதம், கறிவேப்பிலை சாதம், கூட வாழைக்காய் வறுவல், கெட்டியாக அரைத்த மல்லாட்டைத் துவையல் என்று மாறிவிட்டேன். அதன் பிறகு ஒருநாளும் கலக்கவில்லை. குழம்பில்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் அடுக்குத் தூக்கே வாங்குங்கள், இது வேண்டாம்.

அப்புறம் சூடு. இதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். சோற்றைச் சுடச்சுட வைத்து மூடினால் மூடியின் அடியில் ஆவி முத்து முத்தாகக் கோர்த்து திரும்பச் சோற்றிலேயே சொட்டும், மதியம் திறக்கும்போது ஓரம் நசநசவென்று ஒரு வாடை வரும். சோறு வெந்தாலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சாவதில்லை, வெதுவெதுப்பில் அது பெருகும். அதனால் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் அடைக்கிறேன். கத்திரி வெயில் நாட்களில் தேங்காய் சேர்த்த எதையும் வைப்பதில்லை. தயிர்சாதத்துக்கு ஆறின பாலை நிறைய விட்டு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலக்க வேண்டும், கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், மதியத்துக்குள் தானே இறுகி, புளிக்காமல் சரியாக இருக்கும்.

டப்பா இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. தொல்லை எல்லாம் அந்த வளையம்தான். மேலோட்டமாகக் கழுவிக்கொண்டே இருந்ததில் ஆறாவது மாதம் ஏதோ வாடை வர, ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்துப் பார்த்தால் பள்ளம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. அன்றைக்குச் சாப்பிட்டதை நினைத்தாலே குமட்டியது. அதிலிருந்து தினமும் ராத்திரி வளையத்தைக் கழற்றிக் கழுவி, தனியாகக் காயவைத்து காலையில் மாட்டுகிறேன், இரண்டு நிமிட வேலை. வஞ்சிரம் வறுவல் வைத்த நாளில் சோப்பு மட்டும் போதாது, எலுமிச்சைத் தோலால் தேய்த்தால்தான் வாடை போகும். மஞ்சள் கறை மட்டும் போகவே இல்லை.

இப்போது வளையம் ஒரு மூலையில் தளர்ந்துவிட்டது. அதை மட்டும் தனியாகத் தரமாட்டோம், புது டப்பாதான் வாங்க வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். நல்ல டப்பாவை இதற்காகத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை, உலர்ந்த அயிட்டம் மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாங்கப்போனால் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் விலையைக் கேளுங்கள்.