ஆறு வருடம் ஆச்சு: பெர்கோலா சாய்ந்தது, கல்லுக்கால் நிற்கிறது

கிருஷ்ணகிரி ஜில்லா காவேரிப்பட்டணம் பக்கம் வீடு கட்டி முடித்தபோது வாசலில் மூன்று சென்ட் மண் மிச்சம் இருந்தது. அந்த நேரம் பார்த்து, 2019 ஜனவரியில், குடும்பத்தோடு பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனதுதான் வினை. ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம், 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த கையோடு நம் வீட்டிலும் ஏதாவது 'எடுப்பாக' நிற்க வேண்டும் என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு பைத்தியம் பிடித்தது. மரப் பெர்கோலா (கொடி ஏற்றிவிடுகிற அலங்காரப் பந்தல்), இரும்பு வளைவு, நீரூற்று என்று வரிசையாக வாங்கினோம். எது எப்படி உழைத்தது என்று இப்போது சொல்லலாம்.

பெர்கோலா சில்வர் ஓக் மரம், 10-க்கு 12 அடி. பதினைந்து வருடம் அசையாது என்றார் கடைக்காரர். மூன்றாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. மரக்காலை மண்ணில் புதைத்துச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றியது தப்பு என்பது பிறகுதான் புரிந்தது. மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இறங்கின தண்ணீர் போக வழியில்லாமல் நிற்க, மரம் ஊற, பின்னாலேயே கரையான். வெளியே பாலிஷ் பளபளவென்று இருந்தது, சாவியால் குத்தினால் உள்ளே போனது. மேலே ரங்கூன் மல்லி புதராக ஏறியிருந்தது, ஐப்பசி மழையில் அது நனைந்த பாரம் வேறு, ஒரு ராத்திரி மொத்தமும் ஒருபக்கமாகப் படுத்துவிட்டது.

"அவரைப் பந்தலுக்கு நம்ம காட்டுல கல்லுக்கால்தானேடா நட்டிருக்கு, அது என்னைக்காவது சாஞ்சு பாத்திருக்கியா?" என்றார் அம்மா. வெட்கமாகத்தான் இருந்தது. காட்டோரம் நடுகல் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கிற ஜில்லா, திரும்பின பக்கமெல்லாம் கல் குவாரி, நான் போய் மரத்தூணுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தாலிக்காரர்களின் பழைய பெர்கோலாவே பல இடங்களில் கல் அல்லது செங்கல் தூண்தான், மேலே மட்டும் மரச்சட்டம் போட்டுத் திராட்சை ஏற்றுவார்கள். நம் கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம்.

ஆறு கால் வாங்கினேன், ஒவ்வொன்றும் 9 அடி, எடை 150 கிலோவுக்கு மேல். 2 அடி குழி. நான் கான்கிரீட் போடச் சொன்னேன், கல் நட வந்த பெரியவர் கேட்கவில்லை. "வேணாம் சார், ஜல்லியும் மண்ணும் போட்டுக் கெட்டிச்சா போதும். நாளைக்கு இடம் மாத்தணும்னா உடைக்கவா முடியும்?" என்றார். 2023-ல் கார் வாங்கிக் கேட்டை அகலப்படுத்தியபோது இரண்டு காலை அப்படியே பிடுங்கி நகர்த்தினோம், அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் கல் சூடேறினால் ராத்திரி எட்டு மணி வரை அனல் அடிக்கும், பக்கத்தில் நாற்காலி போட முடியாது. கொடியும் தானாக ஏறாது. சுற்றி ஏறுகிற கொடிக்கு ஒல்லியான பிடி வேண்டும், ஆறங்குலச் சதுரக் கல்லை அது எப்படிச் சுற்றும்? முதல் வருடம் ரங்கூன் மல்லி தரையிலேயே படர்ந்து கிடந்தது. அப்புறம் ஒவ்வொரு காலிலும் தேங்காய் நார்க் கயிற்றை மேலிருந்து கீழாகத் தொங்கக் கட்டினேன், ஒரே பருவத்தில் பந்தல் மூடிவிட்டது. மேலே ஜிஐ கம்பிதான் இழுத்திருக்கிறேன், மரச்சட்டமே இல்லை. சாயங்காலம் வெள்ளையாக விரிகிற பூ மறுநாள் ரோஸ், அதற்கப்புறம் சிவப்பு என்று ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். வாசனைக்கு அந்த இருட்டுகிற நேரத்தில் வந்து நிற்க வேண்டும்.

இரும்பு வளைவு பரவாயில்லை ரகம். மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் துரு அரித்தது, அடியை வெட்டிவிட்டு இரண்டு கல் துண்டின் மேல் போல்ட் போட்டு நிறுத்தியிருக்கிறேன். காகிதப்பூ ஏற்றினால் முள் குத்தும் என்று மனைவி சொன்னதைக் கேட்டிருக்கலாம். வளைவுக்கு அடியில் குனிந்துதான் போகிறோம்.

நீரூற்றை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், குறைந்தது எங்கள் பக்கம் போர் தண்ணீர் வைத்திருப்பவர்களுக்கு. இரண்டே மாதத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து துளை அடைத்துக்கொண்டது, வினிகர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தது. கரண்ட் போய்த் தண்ணீர் நின்றுவிட்டால் கொசு. டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கிற வரை ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கப்பி மீன் விட்டுப் பார்த்தோம், மைனாவுக்கு விருந்து ஆனது. இப்போது தொட்டியில் மண் நிரப்பி வல்லாரை போட்டிருக்கிறோம், நன்றாக வருகிறது. மோட்டார் பரணில் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே கொடுத்துவிடுகிறேன்.