ராஜா எப்படி வருகிறார்? வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து நான்கு வகை நாடகங்கள்

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ திருவிழாவுக்கு நாடகம் போடலாம் என்று மன்றத்துப் பையன்கள் கூடினால், எந்தக் கதை என்பதில்தான் முதல் சண்டை வரும். எந்த வகை நாடகம் என்று யாரும் கேட்பதில்லை. மேடை, திரை, மைக் செட் எல்லாம் பேசாமலே முடிவாகிவிடும். தமிழ்நாட்டில் கூத்து, கம்பெனி நாடகம், சபா நாடகம், வீதி நாடகம் என்று நான்கு வழிகள் இருந்தும், நமக்குக் கை போவது நடுவிலுள்ள இரண்டின் மேல்தான். வடசென்னைத் தெருவுக்கு ஓரத்திலுள்ள இரண்டும்தான் சரிப்படும் என்பது என் கட்சி.

நான்கையும் ஒப்பிட நீளமான அளவுகோல் எதுவும் வேண்டாம். ராஜா எப்படி வருகிறார் என்று பார்த்தால் போதும்.

கூத்தில் ராஜா லேசில் வரமாட்டார். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னாலிருந்து பாட்டு கிளம்பும். கிரீடத்தின் உச்சி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால்கள் அடவு போடும். யாரய்யா நீ, எந்த ஊர் என்று கட்டியங்காரன், அதாவது கதையும் சொல்லிக் கோமாளித்தனமும் பண்ணுகிறவன், வம்புக்கு இழுப்பான். தன் பெருமையெல்லாம் பாடி முடித்த பிறகுதான் துணி விலகும், துரியோதனன் முழுசாக வெளியே வருவான். இதற்கே அரை மணி ஆகலாம். சும்மா நேரத்தைக் கடத்துகிறார்கள் என்று நினைக்கிறவர் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தவராக இருக்க முடியாது. முன்வரிசையில் தூங்கும் பிள்ளைகள் எழுந்து உட்காருவது அந்த அரை மணியில்தான்.

கூத்தின் ஒவ்வொரு உறுப்பும் திறந்தவெளிக்காக உண்டானது. கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடித் துண்டுகள் பதித்திருப்பது வெறும் அலங்காரமில்லை. பந்தமோ பெட்ரோமாக்ஸோ தரும் கொஞ்ச வெளிச்சத்தை வாங்கி அவை கூட்டத்தின் மேல் அடிக்கும். முகவீணை என்ற சின்ன ஊதுகுழலின் கீச்சுக்குரல் எந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு போகும். மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருப்பதால் ஆட்டக்காரர் சுழன்றுகொண்டேதான் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் எழுந்து டீ குடித்துவிட்டு வந்தாலும் கதை தவறாது, கட்டியங்காரன் திரும்பச் சொல்லிவிடுவான். பாஞ்சாலி துகிலுரியும் கட்டத்தில் துச்சாதனன் வேடக்காரர், சேலையில் கைவைக்கும் முன் கற்பூரம் ஏற்றித் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்பது உண்டு. வேடம் எங்கே முடிகிறது, பக்தி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத இடம் அது. வேறு எந்த மேடையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

குறை இல்லாமலில்லை. கூத்துக்கு இரவு முழுக்க வேண்டும். நகரத்திலோ இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கத் தடை. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் இதில் கறாராக இருக்கின்றன. விடிய விடிய ஆடும் ‘கர்ண மோட்சம்’ கூத்தை இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது அந்தத் திரைப் பிரவேசம்தான். அதுவும் போய்விட்டால் கூத்தில் மிச்சமிருப்பது மேக்கப் மட்டும்.

கம்பெனி நாடகத்தில் ராஜாவுக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது. திரை மேலே சுருளும். தீட்டிய தர்பார் சீனுக்கு முன்னால் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடக்காரர், தயாராக நின்று, ஆர்மோனியத்துக்குத் தலையசைத்துவிட்டு உச்சஸ்தாயியில் பாட்டை எடுப்பார். தர்பார், தெரு, காடு என்று மூன்று சீன் துணி கையில் இருந்தால் எந்தப் புராணத்தையும் ஓட்டிவிடலாம். பார்சி கம்பெனிகளின் பகட்டும் நம்முடைய பாட்டும் கலந்து உருவான வகை இது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக்கொடுத்த பாடங்கள் இதற்கு முதுகெலும்பு. வால்டாக்ஸ் ரோட்டின் ஒற்றைவாடை தியேட்டரும் ராயல் தியேட்டரும் ஒரு காலத்தில் இதன் கோட்டைகள். பார்க் டவுன் பக்கம் பார்சல் லாரிகளுக்கு நடுவே இன்று அந்த ரோட்டில் நடந்தால் இதை நம்புவது கஷ்டம்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் இதன் வாரிசு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாடம் எல்லாருக்கும் மனப்பாடம், அவ்வளவுதான். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடுபிடித்தால் பாடத்தில் இல்லாததெல்லாம் வந்து விழும்.

அந்த ராயல் தியேட்டரில் 1940 டிசம்பர் 31 அன்று நடந்தது நாடக உலகத்துக்குத் தெரியும். பாட்டுக்காகப் பலமுறை சிறை போன தியாகி விஸ்வநாததாஸ், ‘வள்ளி திருமண’த்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்தபடியே உயிரை விட்டார். புராண வேடத்தில் தேசப் பாட்டைப் பாடுவது அவர் வழக்கம். முருகன் ஏன் வெள்ளைக்காரனைத் திட்டுகிறார் என்று எந்த ரசிகரும் கேட்டதில்லை. போலீஸ்காரர்கள்தான் கேட்டார்கள்.

இவ்வளவு செல்வாக்கோடு இருந்தது எப்படி விழுந்தது? 1931-இல் ‘காளிதாஸ்’ பேசும்படம் வந்தது தங்கசாலையின் கினிமா சென்ட்ரலில், வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில். அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமியே கம்பெனி மேடையிலிருந்து போனவர். கம்பெனியின் சரக்கு மூன்று: காட்சி ஜோடனை, பாட்டு, நட்சத்திரம். மூன்றையும் சினிமா இன்னும் பெரிதாக, இன்னும் மலிவாகக் கொடுத்தது. கண்ணையா கம்பெனியின் ‘தசாவதார’ ஜோடனைகளைப் பார்த்து வாய்பிளந்த கூட்டம், திரையில் அதைவிடப் பெரிய அதிசயம் கிடைத்ததும் அங்கே போய்விட்டது. கூத்தை சினிமாவால் இப்படிச் சாப்பிட முடியவில்லை. கூத்திடம் சினிமா விரும்பும் சரக்கே இல்லை என்பதுதான் காரணம்.

சபா நாடகத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் பிறந்தது இந்தப் பக்கம்தான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருக்காரரான பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் படித்த உத்தியோகஸ்தர்களும் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் நடித்தார்கள். பாட்டைக் குறைத்து, வசனத்தைக் கூட்டி, விடியும்வரை இழுப்பதை நிறுத்தினார் முதலியார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். நாடகக்காரன் என்றால் வீடு கொடுக்க யோசித்த ஊரில் கனவான்களும் அரிதாரம் பூசலாம் என்று காட்டியது பெரிய காரியம். ஆனால் இங்கே ராஜா பக்கவாட்டிலிருந்து நடந்து வருவார், நின்று பேசுவார். அது காதில் விழ அரங்கம் அமைதியாக இருக்க வேண்டும். காசிமேட்டில் ஏலக் கூச்சல் ஓய்ந்தாலும் அந்த அமைதி வராது.

வீதி நாடகத்தில் வட்டமாக நிற்கும் எட்டுப் பேரில் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டுவார். அவர்தான் ராஜா. காட்சி முடிந்ததும் துண்டு தோளுக்குத் திரும்பிவிடும், அவர் கூட்டத்தில் ஒருவர். 1980-இல் சோழமண்டலத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பயிலரங்கு இங்கே பலருக்கு இந்த வழியைத் திறந்தது. 1984 முதல் பிரளயனின் சென்னைக் கலைக்குழு தெருமுனைகளில் ஆடியது. ஆலை வாசலில் ஷிஃப்ட் மாறும் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். சீன் வாடகை இல்லை, டிக்கெட் இல்லை, கரண்ட் போனால் கவலை இல்லை. எழுத்துப்படியைப் போலீசிடம் காட்டி அனுமதி வாங்கச் சொன்ன 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் எம்.ஆர். ராதா போன்றவர்களை மனதில் வைத்து வந்தது. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடர்ந்த வழக்கில் 2013-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

ஆனால் வீதி நாடகத்தில் ராஜா எப்போதும் கெட்டவர். அவர் வாயைத் திறக்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும். கூத்தின் துரியோதனன் கெட்டவன்தான், ஆனால் படுகளம் என்ற கடைசிப் போர்க்களக் கட்டத்தில் அவன் விழும்போது அழுகிறவர்கள் உண்டு. பிரச்சினை தீர்ந்ததும் வீதி நாடகத்தை மறந்துவிடுகிறோம், நூறு வருஷத்துப் பாட்டை முணுமுணுக்கிறோம். இடையில் 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து கூத்தின் உடலை எடுத்துப் புது நாடகத்துக்குக் கொடுத்தது. நல்ல முயற்சி. ஆனால் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் இலக்கியக்காரர்கள், தெருக்காரர்கள் இல்லை.

ஆகவே மன்றத்துப் பையன்களுக்கு என் யோசனை இது. மேடை போடாதீர்கள், அந்தப் பணத்தை மேளத்துக்கு வையுங்கள். வட்டம் வீதி நாடகத்துடையதாக இருக்கட்டும், அதில் நுழைவது கூத்தின் ராஜாவாக இருக்கட்டும். இரண்டு பேர் ஒரு வேட்டியைப் பிடித்தால் திரை ஆச்சு. முகவீணைக்காரர் கிடைக்காவிட்டால் பக்கத்துத் தெருவில் கானா பாடுகிறவரைக் கூப்பிடுங்கள், கட்டியங்காரன் வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. சாயங்காலம் ஏழரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் ராஜாவைப் படுகளத்தில் கிடத்திவிடலாம்.