கொட்டியதும் முடிப்பதா, விட்டு வளர்ப்பதா: ஒட்டுண்ணிக் குளவிகளின் இரு வழிகள்

ஒட்டுண்ணி என்றதும் உண்ணியும் குடற்புழுவும் நினைவுக்கு வரும். தாம் உறிஞ்சும் உடல் உயிரோடு இருக்கும்வரைதான் அவற்றுக்குப் பிழைப்பு. ஒட்டுண்ணிக் குளவி அப்படியன்று. அதன் புழு ஒரே ஓர் ஓம்புயிரியின், அதாவது தான் அண்டி வளரும் உயிரியின், மேலோ உள்ளேயோ வளர்ந்து, அதைக் கொன்று தின்றே பருவத்தை முடிக்கிறது. வளர்ந்த குளவி தன்போக்கில் பறந்து திரிகிறது. இந்த வேறுபாட்டைக் குறிக்கவே பின்லாந்துப் பூச்சியியலாளர் ராய்ட்டர் 1913இல் ‘பாராசிட்டாய்டு’ என்னும் தனிச்சொல்லை உருவாக்கினார்.

இக்குளவிகளை வகைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு: ஒன்று உறவுமுறையைப் பார்ப்பது, மற்றொன்று பிழைப்புமுறையைப் பார்ப்பது. முதல் வழியில் பெரிதாக நிற்பவை இக்னியூமோனிடே, பிரகோனிடே என்னும் இரு உடன்பிறப்புக் குடும்பங்கள். பெயரிடப்பட்ட இனங்கள் மட்டுமே இரண்டிலும் சேர்த்து 40,000க்கு மேல். இவற்றைப் பிரித்தறிய முன்னிறகைப் பார்க்க வேண்டும். இக்னியூமோனிடேயில் காணப்படும் ஒரு குறுக்கு நரம்பு பிரகோனிடேயில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இல்லை. பிரகோனிடேயின் வயிற்றில் இரண்டாம், மூன்றாம் முதுகுத் தகடுகள் ஒன்றாக இணைந்திருக்கும். ஆனால் பேரின அளவில் பெயர்கள் இவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. முட்டைக்கோசுப் புழுவைத் தாக்கும் பிரகோனிடே குளவியான கொடீசியா குளோமெராட்டாவை லின்னேயஸ் 1758இல் இக்னியூமோன் என்னும் பேரினத்தில் வைத்தார். பின்னர் அது நெடுங்காலம் அபான்டெலிஸ் என்னும் பெரும்பையில் கிடந்தது. 1981இல் பூச்சியியலாளர் மேசன் அந்தப் பையைப் பிரித்துக் கொட்டிய பிறகே இன்றைய பெயர் நிலைத்தது.

குடும்பப் பெயர் இறகைச் சொல்லும், பிழைப்பைச் சொல்லாது என்பதே என் முறையீடு. அதற்கு வேறொரு கேள்வி தேவை: கொட்டப்பட்ட ஓம்புயிரி அதன் பிறகு வளர்கிறதா, இல்லையா? அதன் வளர்ச்சியை அங்கேயே நிறுத்திவிடும் குளவிகளை இடியோபயான்ட் என்றும், அதை உண்டு வளர விட்டுப் பிறகு கொல்பவற்றைக் கோய்னோபயான்ட் என்றும் அழைக்கிறார்கள். இந்தப் பிரிவினை பரவலாக வழங்கக் காரணமானது 1986இல் ஆஸ்க்யூவும் ஷாவும் எழுதிய கட்டுரை. மேற்சொன்ன இரு குடும்பங்களிலும் இரண்டு வகையும் உண்டு.

வேறுபாட்டைக் கண்ணால் காண, இலைக்குள் சுரங்கம் தோண்டும் ஈயின் புழு ஒன்றே போதும், ஏனெனில் அதே புழுவுக்கு இரண்டு போட்டியாளர்கள் இருக்கிறார்கள். பசுமைக்குடில்களில் இரண்டையுமே விடுவிக்கிறார்கள். குட்டையான உணர்கொம்பும் உலோகப் பச்சை மினுக்கும் கொண்ட டிக்லிஃபஸ் ஐசியா, சுரங்கத்துக்குள் இருக்கும் புழுவை இலைத்தோலின் வழியே கொட்டி முடக்கிவிட்டு, அதன் பக்கத்தில் முட்டை வைக்கிறது. வெளிவரும் குளவிப் புழு அசையாத அந்த உடலை வெளியிலிருந்தே உண்டு முடித்து, கூட்டுப்புழுவாகும் முன், இலையின் மேல்தோலும் கீழ்த்தோலும் ஒட்டிக்கொள்ளாதபடி தன் கழிவாலேயே சிறு தூண்களை நிறுத்துகிறது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தத் தூண்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். நீண்ட உணர்கொம்புள்ள கருநிறத் தக்னூசா சிபிரிகாவோ முட்டையைப் புழுவின் உடலுக்குள் செலுத்திவிட்டுப் போய்விடுகிறது. புழு எதுவும் நடவாததுபோல் இலையைக் குடைந்துகொண்டே போகும், பருவம் வந்ததும் கூட்டுப்புழுவாகவும் மாறும். அந்தக் கூட்டிலிருந்து ஈ வராமல் குளவி வருகிறது.

இலையைக் காப்பதுதான் நோக்கம் என்றால் டிக்லிஃபஸுக்கே என் வாக்கு, ஏனெனில் அது கொட்டிய கணத்தில் சுரங்கம் நின்றுவிடுகிறது. போதாததற்கு, தான் முட்டை வைக்காத ஈப்புழுக்களையும் கொன்று அவற்றின் உடற்சாற்றைக் குடிக்கிறது. குளிர்ந்த காலத்தில் மட்டும் தக்னூசா முந்துகிறது.

உடற்சாறு குடிப்பது வெறும் பசியால் அன்று. இடியோபயான்ட் குளவிகளின் முட்டை பெரும்பாலும் பெரியது, மஞ்சள்கரு நிறைந்தது. அதை உருவாக்கத் தாய்க்குப் புரதம் வேண்டும். கோய்னோபயான்டுகளில் பல மிகச் சிறிய முட்டைகளை ஏராளமாக இடுகின்றன; அவை ஓம்புயிரியின் உடல்நீரை ஈர்த்து ஊதிப் பெருக்கின்றன. பாலினக் கணக்கும் மாறுகிறது. கருவுறாத முட்டை ஆணாகவும் கருவுற்றது பெண்ணாகவும் ஆவதால், இடியோபயான்ட் தாய் தன் முன்னே கிடக்கும் இரையின் அளவைப் பார்த்து, சிறியதில் ஆணையும் பெரியதில் பெண்ணையும் வைக்க முடிகிறது. இனிமேல் வளரப்போகும் இரையை வைத்து அந்தக் கணக்கை அவ்வளவு எளிதில் போட முடியாது.

கோய்னோபயான்ட் முறையின் உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது. உயிரோடிருக்கும் உடலுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு. அதன் இரத்த அணுக்கள் அன்னிய முட்டையைச் சூழ்ந்து மூச்சுத் திணறடித்துவிடும். இதைச் சமாளிக்கும் திறன் பெரும்பாலும் சில ஓம்புயிரிகளுக்கு மட்டுமே பொருந்துவதால், இவ்வகைக் குளவிகள் குறுகிய இரைப்பட்டியலோடு நின்றுவிடுகின்றன. இடியோபயான்டுகளுக்கு இரைத்தேர்வு பொதுவாக விரிந்தது. கொடீசியாவின் முன்னோர் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு வைரஸைத் தம் மரபணுவிலேயே சேர்த்துக்கொண்டனர். அதன் துகள்கள் பெண் குளவியின் சூலகத்தில் உருவாகி, முட்டையோடு புழுவுக்குள் சென்று எதிர்ப்புச் சக்தியை அடக்குகின்றன. சில இக்னியூமோனிடே குளவிகளிலும் இதே ஏற்பாடு உண்டு, ஆனால் அங்குள்ள வைரஸின் தோற்றம் வேறு.

இங்கேதான் உறவுமுறை மரம் மீண்டும் தேவைப்படுகிறது. மரத்துக்குள் வாழும் புழுவை வெளியிலிருந்து உண்ணும் இடியோபயான்ட் முறையே மூத்தது என்றும், கோய்னோபயான்ட் முறை அதிலிருந்து பல கிளைகளில் தனித்தனியே பிறந்தது என்றும் கருதப்படுகிறது. ஆயினும் பிந்தியது என்பதால் மேலானது என்றாகாது. கொடீசியாவின் புழுக்கள் முட்டைக்கோசுப் புழுவின் தோலைத் துளைத்து வெளியே வந்து மஞ்சள் பட்டுக்கூடுகளைக் கட்டியதும், சாகும் தறுவாயிலுள்ள அந்தப் புழு அவற்றின்மேல் தானும் நூல் நூற்றுக் காவல் காக்கிறது. அந்தக் காவலையும் மீறி வந்து கூடுகளுக்குள் முட்டையிடும் லைசிபியா நானா என்னும் குளவி ஓர் இடியோபயான்ட்; குடும்பம் இக்னியூமோனிடே. கொடீசியாவின் வைரஸும் நஞ்சும் புழுவின் எச்சிலை மாற்ற, அந்த எச்சில் பட்ட செடி வேறொரு மணத்தை வீச, அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் லைசிபியா வருகிறது என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.