பயிற்சிநெறியா, பழைய சேரா, 80 பக்கக் கொப்பியா?

கிளிநொச்சிப் பக்கம் கரப்பந்து பழக்குகிற நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: நல்ல கோச் ஆகச் சான்றிதழ் பெரிதா, அனுபவம் பெரிதா? பந்து பழக்கத் தெரிந்தவர்கள் வன்னியில் தாராளமாக இருக்கிறார்கள், ஆனால் இரண்டாவது செற் 22-22 என்று இழுபடும்போது ரைம் அவுட் கேட்டுவிட்டு அந்த 30 செக்கனில் என்ன சொல்வதென்று தெரிந்தவர்கள் குறைவு. நானும் அந்தக் கூட்டம்தான். போன வருடம் ஒரு ஆட்டத்தில் 30 செக்கனும் ஆறு பேரையும் ஏசியே முடித்தேன். செற்றர் பொடியன் போத்தல் மூடியைத் திருகியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், அடுத்த பந்தை எந்தப் பக்கம் தூக்குவது என்று அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகவே, பயிற்சிநெறியா, நீண்ட காலம் பழக்கிய பழைய சேரா, குறிப்பெழுதும் கொப்பியா, அந்த 30 செக்கனுக்கு எது உதவும் என்ற ஒரே அளவுகோல்தான் எனக்கு.

பயிற்சிநெறிக்குக் கட்டாயம் போங்கள். கரப்பந்தில் சர்வதேச சம்மேளனத்தின் லெவல் 1, 2, 3 இருக்கிறது, உதைபந்தென்றால் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, அதற்கு மேல் புரோ. எந்த வயதுப் பிள்ளையை எவ்வளவு துள்ள விடலாம் என்பதை அனுபவத்தில் பிழைவிட்டுப் படிக்கப் போனால் போவது பிள்ளையின் முழங்கால். ஆனால் கொழும்பென்றால் ஏ9இல் இரவு பஸ், 300 கிலோமீற்றருக்கு மேல், லீவு, தங்குமிடம். நான் போன ஒரு பயிற்சிநெறியில் ஆட்டத்தில் முடிவெடுப்பதற்கென்று இருந்தது ஒரே ஒரு ஸ்லைட், அதுவும் மத்தியானச் சோற்றுக்குச் சற்று முன்.

பழைய சேர் வேறு மாதிரி. மைதான ஓரத்தில் சைக்கிள் கரியரில் இருந்தபடி "இப்ப குறுக்கால அடிப்பான்" என்பார், அடிப்பான். ஏன் என்று கேட்டால் "தெரியுது" என்பதோடு சரி. கேரி கிளைன் என்ற உளவியலாளர் 1980களில் அமெரிக்கத் தீயணைப்புத் தளபதிகளிடம் கண்டதும் இதுதான்: அவர்கள் நாலு வழியை அடுக்கி ஒப்பிடவில்லை, பழகிய கோலம் கண்ணில் பட்டதும் முதலில் தோன்றிய வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். உள்ளுணர்வை அவ்வளவாக நம்பாத இன்னொரு உளவியலாளர் டேனியல் கானமனும் கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதியபோது, ஒருவரின் உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனை வைத்தார்கள்: சூழலில் ஒழுங்கு இருக்க வேண்டும், சரி பிழை தெரிந்து பழக நீண்ட வாய்ப்பு இருக்க வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் சேரின் கண்ணை ஆட்டத்தில் நம்பலாம், ஒவ்வொரு பந்தும் உடனே பதில் சொல்லிவிடுகிறது. ஆள் தெரிவில் நம்ப மாட்டேன். 14 வயதில் "இவன் சரிவர மாட்டான்" என்று கழித்துவிட்ட பொடியன் பிறகு வயலுக்கோ கடலுக்கோ போய்விடுவான், சேர் சொன்னது பிழையென்று சேருக்கே கடைசிவரை தெரியாது. அப்புறம் ஒன்று, அவரிடம் ஏன் என்று கேட்காதீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட அன்றுதான் "தம்பி, அவன்ர இடக்காலப் பார், கடைசி அடி எங்க வைக்கிறான் எண்டு" என்ற பதில் வந்தது.

கொப்பிக்குச் செலவே இல்லை. ஆள் மாற்றும்போதும் ரைம் அவுட் எடுக்கும்போதும் ஒரு வரி: என்ன செய்கிறேன், ஏன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன். முடிவு தெரிய முதல் எழுதவேண்டும், அதுதான் முக்கியம். ஒருமுறை 23-22இல் சேர்விஸ் போட ஒருவனை இறக்கினேன், பந்து நெற்றில். எல்லாருக்கும் அது என் பிழை. கொப்பியில் இருந்தது: "பயிற்சியில் 10க்கு 8 சேர்விஸ் சரியாக உள்ளே விழுத்துகிறான், அவர்களின் 2ஆம் நம்பருக்கு ரிசீவ் வராது." இப்போதும் அதையே செய்வேன். இன்னொரு நாள் வென்ற ஆட்டத்தில் நான் எழுதியதைப் படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது, அந்த வெற்றி வெறும் அதிர்ஷ்டம். குறையும் உண்டு. தனியே எழுதினால் நம்மை நாமே ஏமாற்றலாம், மூன்றாம் கிழமை அலுத்தும்போகும்.

முல்லைத்தீவில் இந்த வருடம் பழக்கத் தொடங்குகிற ஒருவர் கேட்டால், கொப்பி நாளைக்கே, சேர் சனி ஞாயிறில், பயிற்சிநெறி கிட்டத்தில் வரும்போது என்பேன். கொப்பியை சேரிடம் காட்டத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் நீட்டினேன். அந்த 23-22 பக்கத்தில் நிறுத்தி, என் பேனையை வாங்கி, 2ஐ வெட்டிவிட்டு 5 என்று எழுதினார்.